இரண்டு ஊதல்

ஒன்பது வயதுவரை
தரை அதிர்ந்தால் திரும்புவேன்.
காலால் ஓங்கி ஒரு மிதி:
வா, சாப்பிடு, எழுந்திரு, நகர்
எல்லாம் அதுவே.
லாமாக் குட்டிக்கும் அதே மிதிதான்.

ஒரூரோ பள்ளிப் பதிவேட்டில்
நைதா மமானி.
அதைச் சொல்லும்போது உதடுகள் அசைவதைப்
பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.
முற்றத்தில் முப்பது ஜோடிக் கைகள்
என்னைச் சுற்றிப் பறந்தன.
என் கைகளைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.
பிறகு வில்மர்,
புருவத் தழும்பைத் தொட்டால் அவன்,
விரல்களை உதட்டருகே குவித்து
இரண்டு முறை ஊதி
என்னைக் காட்டினான்.
கூட்டமே சிரித்தது. ஆமாம், அவளேதான்.

சூப்பை ஊதிக் குடிக்கிறேன் என்று
எனக்கே தெரியாது.
ஆறிப்போனதையும் ஊதுகிறேனாம்.
பச்சைத் தண்ணீரைக்கூட, என்றாள்
புளுகிணி யோவானா.

அழுதேன். வேறு கேட்டேன்.
என் பின்னல் நீளம், அதை வையுங்கள்.
பின்னலுக்கு ஏற்கெனவே மூன்று பேர்.

ஆலங்கட்டி பெய்த ஒரு மதியம்
முற்றத்தின் மறுகோடியிலிருந்து
யாரோ இரண்டு முறை ஊதினார்கள்.
திரும்பிவிட்டேன்.
தரை அதிரவே இல்லை.

விடுமுறை. வீடு.
அடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அம்மா.
நெஞ்சைத் தொட்டு
என் பெயரைச் சொன்னேன்.
கையைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.
கொதிக்கிறதாக்கும் என்று
வாங்கி வைத்துக்கொண்டு
உதடு குவித்து
ஒருமுறை.

இன்னொரு முறை.