ஒன்பதாவது இடம்

ஓய்வு பெற இன்னும் பதினோரு நாள்.
அலுவலகத்திலிருந்து ஒரு படிவம்:
ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை,
மேற்கோள்கள் எத்தனை,
ஹெச் இண்டெக்ஸ் எவ்வளவு.
கட்டங்கள் சின்னவை. என் பேனா மொத்தம்.

முப்பத்தியொரு வருடம்
மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு
முதல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று வந்தவளின் கணக்கு
கட்டுரை 46
மேற்கோள் 978
இண்டெக்ஸ் 13.

இதில் அறுநூற்றுப் பன்னிரண்டு
ஒரே ஒரு கட்டுரைக்கு.
அதில் நான் கண்டுபிடித்தது எதுவுமில்லை.
கரைப்பானிலிருந்து ஈரத்தை எடுப்பது எப்படி என்று
அரைப் பக்கம் எழுதியிருந்தேன்.
மழைக்காலத்தில் உள்பாவாடைகூடக் காயாத ஊர்க்காரி
வேறு வழியில்லாமல் படித்துக்கொண்ட வித்தை.
உலகத்துக்கு அதுதான் பிடித்தது.

பெயரும் முழுசாக இல்லை. "பாய், எஸ்."
சுஜனபாய் என்று ஞானஸ்நானத்தில் விழுந்த பெயரை
அச்சுக்கூடத்தில் யாரோ நடுவில் ஒடித்துவிட்டார்கள்.
போலந்திலிருந்து ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்:
ஐயா, தங்களுக்குச் சீனாவில் எந்த மாகாணம்?
விளவங்கோடு தாலுகா என்று பதில் போட்டேன்.

சொல்ல வந்தது அதில்லை.

தொண்ணூற்றாறு, ஜூலை.
மணவாளக்குறிச்சிக் கரையில்
அலை வாங்கிப் போட்ட கறுப்பு வரிகளுக்குள் மோனசைட்,
மோனசைட்டுக்குள் கொஞ்சம் நியோடிமியம்.
அள்ள எனக்கு அனுமதியில்லை.
செருப்பில் ஒட்டி வீட்டுக்கு வருவதைப்
பம்பாயிலிருந்து புட்டியில் வரவழைத்தேன்,
பத்து கிராம், பில்லோடு.

எட்டுப் பக்கமும் பிடித்துக்கொள்ளும் ஒரு கூட்டுக்குள்
அதை உட்காரவைக்கப் பார்த்தேன்.
மூன்று வாரம். வெறும் கலங்கல்.
பீக்கரை ஜன்னலோரம் மறந்துவிட்டுக்
குளச்சலில் மைனியின் பிரசவத்துக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை, அடியில் படிகங்கள்.
கடுகைவிடச் சிறியவை.
கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஊதா.
கரண்ட் வந்தது, டியூப்லைட் துடித்துப் பிடித்தது,
மங்கிய நீலம்.
அணைத்தேன். ஊதா.
போட்டேன். நீலம்.
அணைத்தேன்.
அட்டெண்டர் தங்கசுவாமி எட்டிப் பார்த்தார்:
"டீச்சரே, பியூஸ் போவும்."

அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் நான்கு.
மூன்றை எழுதியது நானே.
நான்காவது, பனி விழும் ஏதோ ஒரு ஊரிலிருந்து:
"பாய் குழுவினர் குறிப்பிடும் படிகத்தை
எங்களால் பெற முடியவில்லை."
குழுவினர்!
நானும் தங்கசுவாமியும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை.
அது தெரிந்ததால்தான் ஆறு மாதம் உறக்கமில்லை.
மிச்சமிருந்த ஒரு படிகத்தைப்
பஞ்சில் பொதிந்து பெங்களூருக்கு அனுப்பினேன்,
எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள்:
எட்டு இடத்தில் நான் வைத்தவை.
ஒன்பதாவது இடத்தில்
நான் கூப்பிடாத ஒரு தண்ணீர்.
அது போனால் படிகமும் பொடிந்துவிடும்.

திறந்து கிடந்த ஜன்னல். ஆடிச் சாரல்.

பிறகு அவர்களுடைய கட்டுரையை
மறுபடி எடுத்து வாசித்தேன். செய்முறை, இரண்டாம் வரி:
"கரைப்பான்கள் அனைத்தும்
பாய் முறைப்படி உலர்த்தப்பட்டன."

என் கையைக் கொண்டே என் கண்ணைக் குத்தியிருக்கிறார்கள்,
அத்தனை ஒழுங்காக, ஒரு சொட்டு விடாமல்.
ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சிரித்தேன்.
மேரி ஸ்டெல்லா டீச்சர் பயந்து விசிறியைக் கூட்டினாள்.

ஒரு பக்கத்தில் திருத்தம் எழுதி அனுப்பினேன்.
அச்சானது. மேற்கோள் பூஜ்யம்.
எழுதியதில் எனக்குப் பிடித்தது அதுதான்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

இன்றைக்கு இடவப்பாதிக்கு முன்னமே மழை.
தாள் அப்பளம்போல நமர்த்துக் கிடக்கிறது.
கடைசிக் கட்டத்தில் மை ஊறி,
மூன்று மெல்ல மூடிக்கொண்டு
எட்டாகிவிட்டது.
பதினெட்டு.
பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அடித்துவிட்டுப் பக்கத்தில்
13 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஜன்னலை மட்டும் சாத்தவில்லை.