கதியால்

கோப்பாய் அலுவலகத்தில், சத்தமிடும் காற்றாடிக்குக் கீழே
நாலாயிரத்துச் சொச்சம் காணிகள்
ஒரே நிரலில் கிடக்கின்றன.
நிரலின் பெயர் அளவு. வகை, எழுத்து.
எழுத்தென்று விட்டதால் ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள்:
‘3 பரப்பு’, ‘மூண்டரை’, ‘ஏறக்குறைய 5’,
சுழியத்துக்குப் பதிலாய் இங்கிலீசு ஓ,
ஓரிடத்தில் ‘மாமாவைக் கேக்கவும்’.

போன வருசம் ஒப்பந்தத்தில் வந்த பெடியன்
எண்போலத் தெரிந்ததையெல்லாம் எண்ணாக்கித்
திரும்ப அதிலேயே எழுதிவிட்டுக்
கனடா போய்விட்டான்.
பார்க்க வடிவுதான்.
கூட்டுத்தொகைகூட வருகிறது.

ஆனால் 2.9 என்று உறுதியில் இருந்தால்
இரண்டு பரப்பு, ஒன்பது குழி.
பரப்புக்குக் குழி பதினெட்டு.
இரண்டரை என்று வாசிக்கவேணும்.
புள்ளி அங்கே புள்ளியில்லை, வேலி.

2.10 என்பதும் அப்படித்தான், பத்துக் குழி.
எந்திரம் அதைத் தசமம் என்று நம்பி
கடைசிச் சுழியத்தை வீண் என்று கழற்ற,
2.1. ஒரு குழி.

அயலட்டையில் இருட்டோடு கதியால் நகர்த்துகிறவன்
வருசத்துக்கு ஒரு சாண்தான் எடுப்பான்.
இது ஒரு கணத்தில் ஒன்பது குழி எடுத்தது,
ஒரு கிணறும் மாட்டுக்கொட்டிலும் நிற்கிற இடம்.
நாய்கூடக் குரைக்கவில்லை.

ஒன்றில் முடிகிறவைதான் சந்தேகம்
(இருபது குழி என்று ஒன்று இல்லையே).
இருநூற்றுப் பதினேழு வரிசை.
முதலில் அட்டவணையைப் படியெடுத்து வைத்தேன்.
பரப்புக்கு ஒரு நிரல், குழிக்கு ஒரு நிரல், இரண்டும் முழு எண்.
குழி பதினேழைத் தாண்டினால் ஏற்காதே என்று ஒரு கட்டு.
பிறகு பதிவேடுகளை இறக்கி,
தூசிக்குத் தும்மித் தும்மி,
ஒவ்வொன்றாய்.
ஒரு வரிசை மாற்றப்பட்டது.
ஒரு வரிசை மாற்றப்பட்டது.
பன்னிரண்டு நாள்.

கட்டுவன், குணபூபதி சோமலிங்கம்,
அந்தப் பக்கத்தின் வலது ஓரத்தைக் கறையான் தின்றிருக்கிறது.
மூன்று பரப்பு, புள்ளி, ஒன்று,
அதற்குப் பிறகு ஓட்டை.
அளந்து பார்க்கலாமென்றால்
அந்த ஒழுங்கை இன்னும் முள்ளுக்கம்பிக்கு உள்ளே.

“சுழியமாவது போடுங்கோவன்,” என்றார் திருவருட்செல்வன்,
“அறிக்கை நாளைக்குப் போகவேணும்.”

சுழியம் போட்டால் குழி இல்லை என்றாகும்.
வெறுமையாய் விட்டால்
இருக்கு, எவ்வளவென்று எங்களுக்குத் தெரியாது என்றாகும்.
விட்டிருக்கிறேன்.
குறிப்பு நிரலில் எழுதினேன்:
பத்தாயிருக்கலாம். திறந்த பிறகு அளக்கவும்.

ஒரு வரிசை மாற்றப்பட்டது.