விருப்பப் பாடம்

விருப்பப் பாடம் என்றுதான் படிவத்தில் இருந்தது.
நான் திறப்பதற்குள்
விளையாட்டு மென்பொருளில் இடம் முடிந்திருந்தது,
கிளவுடிலும்.
மிச்சம் சுகாதாரத் தரவு. மூன்று கிரெடிட்.
"நோயாளிக் கணக்குதானே, எக்செல் தெரிஞ்சாப் போதும்"
என்றாள் ஹாஜரா பர்வீன்.
அவளுக்கும் கிளவுட் கிடைக்கவில்லை.

ராமநாதபுரம் வெயிலில் ஏசி ஓடும் ஒரே அறை
எங்கள் லேப்.
பொற்செழியன் சார் ஒரு கோப்பு அனுப்பினார்:
ஏர்வாடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்,
இரண்டு வருடம், நாலாயிரத்துச் சொச்சம் வரிசை.
பெயர்களை எடுத்திருந்தார்கள்.
வயது, பால், ஊர்க் குறியீடு, தொழில், சர்க்கரை,
வராவிட்டால் காரணம்.
காரணத்துக்கு மூன்றே வாய்ப்பு:
இறப்பு. இடப்பெயர்வு. ஒத்துழைக்கவில்லை.

முதல் வாரம் பெருக்கித் துடைத்தோம்.
நூற்றெழுபது வயதில் ஒருவர் இருந்தார்.
பதினேழா எழுபதா என்று அரைமணி நேரம் சண்டை.
கர்ப்பமான ஆண்கள் மூன்று பேர்.
சிரித்துச் சிரித்து ஹாஜராவுக்கு விக்கல் வந்தது.

இரண்டாம் வாரம் காலிக் கட்டங்கள்.
சராசரியால் நிரப்பு என்றது பாடம்.
ஒரு வரிக் கட்டளை. என்டர் தட்டினால்
வராதவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள்,
ஆளுக்கொரு நடுத்தரமான சர்க்கரையோடு.

வரிசை 212. பெண், 46, ஊர் 07.
தொழில்: இல்லத்தரசி.
148, காலி, காலி, 151, காலி, 262.
காலிக்கு நேரே
ஒத்துழைக்கவில்லை,
ஒத்துழைக்கவில்லை,
ஒத்துழைக்கவில்லை.

ஏழு என்பது எங்கள் ஊர்.
அங்கே நாற்பத்தாறு வயதில்
இல்லத்தில் இருக்கிற அரசி யாரும் கிடையாது.
விரலுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி,
கஞ்சிப் பாசிக்கும் மரிக்கொழுந்துக்கும்
விடியுமுன் வல்லம் ஏறிப் போகிறவர்கள்,
வனத்துறைப் படகுக்கு ஒரு கண் வைத்தபடி.
பெயரை எடுத்தால் என்ன,
இடது பாதத்தில் ஆறாத புண் என்று குறிப்பிலிருந்தால்
அது பூமயில் சித்தி என்று
ஊர் நாய்க்கும் தெரியும்.
(அடையாளம் மறைப்பது பற்றித் தனியாகவே வகுப்பு உண்டு.
நான்காம் அலகு. அன்று நான் லீவு.)

நீர் வற்றும் நாளில்தான் பாசி.
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்.
சர்க்கரைப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை.
இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்
எதை விடுவாள் ஒருத்தி?

என்டர் தட்டவில்லை.
விடுதி எதிரே மளிகைக்கடையில்
பழைய பஞ்சாங்கம் இரண்டு கேட்டு வாங்கி
புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். தலைப்பு: திதி.
ஹாஜரா தன் வீட்டுப் பிறைக் கணக்கை வைத்துச் சரிபார்த்தாள்.
ஒரு நாள் முன்னே பின்னே இருந்தது, விட்டுக்கொடுத்தாள்.
ஊர் ஏழு ஒத்துழைக்காதது அறுபத்தொரு தடவை.
அதில் ஐம்பத்து நான்கு வற்று நாளில்.

சார் திரையை வெகுநேரம் பார்த்தார்.
"இதுக்கு மேற்கோள் இருக்கா?"
நிலா என்று வாய்வரை வந்தது.
பஞ்சாங்கம் என்றேன்.
அடிக்குறிப்பில் போடச் சொன்னார்.

இப்போது எங்கள் மாடல்
நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்கிறது,
அடுத்த செவ்வாய் சித்தி வரமாட்டாள் என்று.
அவளை வரவைக்கப் பைத்தானில் எதுவும் இல்லை.
கிழமையை மாற்றக் கேட்டு நிலையத்துக்கு எழுதினோம்.
செவ்வாய் தவிர வேறு நாளுக்கு
அந்த மென்பொருள் திறக்காதாம்.
அதை எழுதியவரும் எங்கோ
ஒரு விருப்பப் பாடம் படித்திருப்பார்.

மதிப்பெண் எழுபத்தொன்று.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.
சித்தி மணலில் பாசி உலர்த்திக்கொண்டிருந்தாள்,
இடது காலை முழுசாக ஊன்றாமல்.
"இப்ப என்னத்தடி படிக்கிற?"
"நீ ஏன் ஆஸ்பத்திரிக்கு வரலைங்கிறத."
"அதுக்கொரு காலேஜா" என்றாள்,
மறுபக்கம் புரட்டிப் போட்டாள் பாசியை.