வெள்ளை டப்பா

இருபத்தாறு வருஷமாக லாரிக்கு எண் எழுதுகிறேன்.
எனாமல் சொன்னபடி கேட்கும்.
தப்பினால் மேலே ஒரு பூச்சு,
கடைசியில் டப்பாவைத் திறந்து
வெள்ளையில் ஓர் ஓரக்கோடு.
முடிந்தது.

கல்லுக்கட்டிக் கடையில்
வாட்டர் கலர் கேட்டேன்.
"பிள்ளைக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
எனக்குப் பிள்ளை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை
கோட்டையூர் தாண்டிச் செம்மண் மேட்டில்
தைலமரத் தோப்புக்கு எதிரே உட்கார்ந்தேன்.
முதல் மரம் கரைந்து
மடிக்கே ஓடிவந்துவிட்டது.
இரண்டாவதில்
தூரிகை கிளைக்குப் போய்ச் சேருமுன்
அடிமரத்தைக் காயவைத்துவிட்டது வெயில்.
சித்திரை வெயில், சும்மாவா.
மூன்றாவது நன்றாகத்தான் வந்தது,
ஆனால் கறிவேப்பிலையாக.

நாலாவது தாளை எடுத்தபோதுதான் கவனித்தேன்,
பன்னிரண்டு கட்டியில் வெள்ளை இல்லை.
கடைக்காரரை மனசுக்குள் ஏசினேன்.
பட்டை உரிந்து பளீரென்று நிற்கிற மரத்துக்கு
நான் வெள்ளைக்கு எங்கே போவேன்?

எட்டு எழுதும்போது
அதன் இரண்டு வயிற்றுக்குள்ளும்
பெயின்ட் போகாமல்
மணிக்கட்டை நிறுத்துவேனே,
அந்த நிறுத்தம்
எப்போதோ என் கையில் ஏறியது.
அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
வானத்தை இழைத்தேன்.
தோப்பின் உள்ளிருட்டை,
உதிர்ந்த சருகை,
மேட்டின் சிவப்பை
மரத்தின் விளிம்புவரை கொண்டுவந்து
விட்டேன்.

ஆடு ஓட்டி வந்த பொன்னழகு
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"எல்லாம் இருக்கு, மரத்தைக் காணோமே?"
இதோ என்று காட்டினேன்.
"அது தாளுல்ல."
ஆமாம், தாள்தான்.
அவள் கொஞ்சம் தள்ளிப்போய்
திரும்பிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
ஆட்டைத்தான் அதட்டினாள்.

காய்ந்தபின் இருட்டுப் பகுதியில்
பொடிப்பொடியாக வெண்புள்ளிகள்.
பட்டறை போர்வெல் தண்ணீர்,
நானூறு அடி, உப்பு.
நிலத்துத் தண்ணியெல்லாம் குடிக்கிறதென்று
இந்த மரத்தின்மேல்
மனு எழுதிக் கொடுத்த ஊர் எங்களுடையது.
அந்த மனுவில் என் கையெழுத்தும் உண்டு.

ஒரு லிட்டர் கொண்டுவந்தேன்.
தூரிகை கழுவி, வண்ணம் கரைத்து,
நாலு தாள் நனைத்து
பாட்டில் காலி.
நா வறண்டு
வண்டியை உதைத்தபோது
பெட்ரோல் டேங்க் மேல் அது நிமிர்ந்து நின்றது,
என் தண்ணீரையும் குடித்துவிட்டு.