விலங்குக்கு நூற்றைம்பது

புதுப்பேட்டையில்
கழற்றிய பம்பர்கள் அடுக்கிய கடைக்கு மேலே
என் மேசை.
விலங்கு ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய்,
மரமும் மேகமும் இலவசம்.
பதிப்பாளர் கன்னியப்பன் போட்ட கணக்கு.

"நரிக்குக் கண்ணைச் சின்னதாப் போடும்மா.
பார்த்ததும் பிள்ளைக்குத் தெரியணும்."

எந்தக் கண் என்று தேடவில்லை.
அட்வான்ஸைத் திருப்பிக் கேட்ட அன்று
வீட்டுக்காரர் தனகோட்டி
சுவரின் ஆணி ஓட்டைகளை எண்ணினாரே,
அந்தக் கண்.
ஓநாயின் பல் ஒரு வசூல்காரனுடையது.
கரடியின் தோள்
29சி பேருந்தில் என்மேல் சாய்ந்தவனுடையது.
பெயர் சொல்ல முடியாதவர்களுக்கெல்லாம்
வால் வரைந்து கொடுத்தேன்.
கழுதைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.
மின்கட்டண வரிசையில் நின்றபோது
கண்ணாடிக் கதவில் தெரிந்த முகத்தைப் போட்டேன்.

போன மார்கழியில்
கிண்டியில், கம்பி வேலிக்கு அப்பால்
நிஜ நரி ஒன்று
குட்டையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.
விலாவில் உண்ணி, ஒரு காது கிழிந்து.
ரயில் சத்தத்துக்குத் தலை தூக்கியது,
மறுபடி குடித்தது.
யாரையும் ஏமாற்ற அதற்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.
கண் பெரியதுதான்.
வந்ததும் தனகோட்டியை அழிக்கப் பார்த்தேன்.
மை காய்ந்திருந்தது.

பன்னிரண்டாம் பக்கம் சிங்கம்.
"ராஜா. குகை வாசல்ல உட்கார்ந்து
குறை கேட்கிற மாதிரி. கம்பீரம் முக்கியம்."
பிடரியை மயிர் மயிராக இழைத்தேன்.
பிறகு வாசல் மணலில்
பொடிப்பொடியாய்க் காலடிகள்:
மானுடையது, ஆட்டுடையது,
மயிலின் மூன்று விரல்.
எல்லாம் உள்ளே போகிறவை.

கன்னியப்பன் பிடரியைத்தான் பார்த்தார்.
"ஜோர்" என்றார்.
மூவாயிரம் பிரதி.

ராயப்பேட்டை அச்சகத்தில்
தாள் எடுக்கும் எபினேசர் மட்டும்
அந்த இடத்தில் விரல் வைத்து
"அழுக்குன்னு துடைக்கப் போனேங்க" என்றார்.
அப்புறம், மெஷின் இரைச்சலுக்குள்,
காதருகே வந்து:
"ஒண்ணாவது வெளிய வரக் கூடாதா?"
யாரை நினைத்துக் கேட்டார் என்று
நான் கேட்கவில்லை.

இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் நடக்கிறது.
காலடிக்குக் காசு கிடையாது, மேகம் மாதிரிதான்.
குகையிலிருந்து புதர்வரை ஒரே ஒரு வரிசை,
மண் தெறிக்க.
முயலா, கழுதையா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
கீழே யாரோ
நசுங்கிய கார்க் கதவொன்றைச்
சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.