நிலை அறிக்கை: பின்திரை

எண் பதினேழு. பருத்தித் துணி, எட்டடிக்குப் பத்தடி.
ஓர் ஏரி, இரண்டு அன்னம்,
பளிங்குக் கைப்பிடிச் சுவர், அதன்மேல் பூச்சாடி.
ஜாம்பஜார் லதீஃபா ஸ்டுடியோவை இடித்தபோது
பழைய இரும்போடு எடைக்குப் போகவிருந்தது.

வாங்கியவர் ஹரிகோவிந்த்,
கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டல் கட்டுகிறார்.
"பளிச்னு ஆக்கிடுங்க மேடம்.
நடுவுல இருக்கற அந்த அழுக்கு போனாப் போதும்."

நடுவில் இருக்கிற அந்த அழுக்கை
இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன்.
நான்கடியிலிருந்து ஐந்தேமுக்கால் வரை
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பழுப்பு வட்டங்கள்.
ஸ்டுடியோ அறை சின்னது.
திரையோடு ஒட்டி நின்றால்தான்
கேமராவுக்குள் அடங்கியிருப்பார்கள்.

வேப்பேரியில் எங்கள் மாடிக்குக் கீழே
கார் பேட்டரிக் கடை. அமில வாடை படியேறி வரும்.
ஜூன் மாதம், ஈரப்பதம் எழுபத்தெட்டு,
மின்சாரம் போனது.
ரெஜினாள் இருட்டில் தடவி
புற ஊதா டார்ச்சை எடுத்து அடித்தாள்.

வட்டங்கள் வெளிர்மஞ்சளாய் எழுந்து நின்றன.
முகம் இல்லை, தோள் இல்லை,
தலைகள் சாய்ந்த இடங்கள் மட்டும்.
நாற்பதுவரை எண்ணினேன்,
அதற்குமேல் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன.
ஓர் இடத்தில் இரண்டு, விளிம்பு உரச.
'கொஞ்சம் கிட்ட வாங்க' என்று
சொல்லப்பட்டவர்கள்.
மூன்றடியில் ஒன்று தனியாக,
ஸ்டூல்மேல் ஏற மறுத்த பிள்ளை.

தேங்காய் எண்ணெய்தான்.
ஆனால் அறிக்கையில்
'கொழுப்புப் படிவு, மூலம் உறுதியாகவில்லை'
என்றுதான் எழுதமுடியும்.

திரை தீட்டியவர் நடுவில் எதையும் வரையவில்லை.
வானமும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல்
ஒரு மங்கல் நீலத்தை இழுத்து விட்டிருக்கிறார்.
அங்கே ஆள் வருவார் என்று அவருக்குத் தெரியும்.
அப்படியானால் இந்தப் படம் முடிந்தது எப்போது?

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு.
ஒட்டுவதை நாளை பிரிக்க முடியவேண்டும்.
தீட்டுவதை நாளை கரைக்க முடியவேண்டும்.
அடுத்து வருகிறவள் என்னைச் சந்தேகப்பட
இடம்விட்டுச் செய்யவேண்டும்.
துடைப்பதற்கு மட்டும் விதி கிடையாது.
போனது பஞ்சோடு போனதுதான்.

இருந்தாலும் சோதித்தாக வேண்டும்.
ஓரத்து வட்டத்தில் ஓர் அங்குலம்.
பஞ்சை நாக்கில் நனைத்தேன்.
சிரிக்காதீர்கள்,
எச்சிலைப்போல நிதானமான கரைப்பான்
எந்தக் கடையிலும் இல்லை.
உருட்டினேன்.
பழுப்பு வந்தது.
மறுபடி பழுப்பு.
பிறகு நீலம்.

கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது.
பசையில் குழைத்த நீலம்,
சுற்றிலும் எண்பது வெயிலில் பொடிந்து உதிர்ந்திருக்க
எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும்
துணியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
அந்தப் பிடியைத்தான்
இரண்டு உருட்டலில் எடுத்திருக்கிறேன்.

பஞ்சை எறியவில்லை. சிறு குப்பி,
17-அ என்று சீட்டு.
"எதுல பதியட்டும்க்கா, அழுக்கா, வண்ணமா?"
என்றாள் ரெஜினாள்.
மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் ஹரிகோவிந்த் கூப்பிட்டார்.
"எவ்வளவு போச்சு மேடம்?"
"ஓர் அங்குலம்."
"அவ்வளவுதானா? மீதி எப்பப் போகும்?"
கீழே யாரோ பேட்டரியை மாற்றி
ஹாரனை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இழப்பு: ஒரு சதுர அங்குலம்.
தரையிலிருந்து நான்கடி ஒன்பது அங்குல உயரத்தில்.
காரணம் என்ற கட்டத்தில் என் பெயர்.
பரிந்துரை: மென்தூரிகையால் தூசி தட்டலாம்.
பசை உதிரும் இடங்களை இறுக்கலாம்.
வட்டங்களைத் தொடக்கூடாது.
சாப்பிட வருகிறவர்கள்
சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளாமலிருக்க
குறுக்கே கயிறு கட்டவேண்டும்.

கடைசி வரியை அடித்தேன்.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து
மறுபடி எழுதினேன்.