பெட்டியில் படித்த பிரெஞ்சு

மொன்றியலுக்கு வந்த புதிதில்
எனக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்தது
சிகரெட் பெட்டிதான்.
கூர் என்றால் அவர்களுக்கு இதயம்.
புமோன் என்றால் நுரையீரல்.
பாலர் பாடப் புத்தகம் மாதிரி
சொல்லுக்குச் சொல் படமும் இருந்தது:
கறுத்த நுரையீரல் ஒன்று,
துளையிட்ட தொண்டை ஒன்று.

இரவு வகுப்பில் மாடாம் ஜினெத்
தெரிந்த சொற்களைச் சொல்லுங்கள் என்றார்.
பக்கத்திலிருந்த பெரு நாட்டுக்காரி
ரொட்டி, பால், பேருந்து என்றாள்.
நான் கட்டி, பக்கவாதம், ஆண்மைக்குறைவு,
சாவு என்றேன்.
வகுப்பு கொஞ்சம் அமைதியானது.
நீங்கள் மருத்துவரா?
இல்லை மாடாம்,
வீடு மாற்றும் கொம்பனியில்
சாமான் தூக்குகிறேன்.

இந்த ஊரில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே.
இரும்பை முறுக்கிப் பிழிந்து
மூன்றாம் மாடிவரை தொங்கவிட்டிருப்பார்கள்.
யூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும்.
அன்றைக்கு ஒரு பிரிட்ஜ்;
மேலே வில்னெர், கீழே நான்.
பதினோராம் படியில்
மூச்சு என்னை விட்டுவிட்டுத்
தனியே இறங்கிப் போனது.
பிரிட்ஜ் நெஞ்சில் சாய்ந்தது.
வில்னெர் இழுத்துப் பிடித்தபடி
தன் கிரெயோலில் கத்தினான்.
கடவுளின் பெயர் மட்டும் விளங்கியது.

எனக்கு நாற்பத்தொன்று.
பிரிட்ஜின் சொந்தக்காரிக்கு எழுபது இருக்கும்.
பூந்தொட்டியைக் கையில் ஏந்தி
எங்களைத் தாண்ட வழியில்லாமல்
இரண்டு படி கீழே நின்றாள்.
அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

அந்தப் பயம் தெளிய
வண்டிக்குப் பின்னால் போய் ஒன்று பற்றவைத்தேன்.
இப்போது குச்சியிலேயே அச்சடிக்கிறார்கள்,
ஒவ்வோர் இழுப்பிலும் நஞ்சு என்று,
உதடு படுகிற இடத்தில்.

தை மாதம்தான் விட்டேன்.
மருந்தகப் பெண் தோளில் ஒட்டச்
சதுரமாய் ஒன்று தந்தாள்.
இருபது நிமிடத்தில் நாடி தணியும் என்றாள்.
ஒரு வருடத்தில் மாரடைப்புப் பயம்
பாதியாகும் என்றாள்.
மூன்றாம் நாள் ஒரு கரண்டிக்காகச்
சுபோதினியோடு சண்டை வரும் என்று சொல்லவில்லை.
பன்னிரண்டாம் நாள் குளியலறையில் அழுவேன் என்றும்.
இருபத்து மூன்றாம் நாள்
வில்னெரிடம் ஒன்று வாங்கிப் புகைத்தேன்.
இதை மறைத்தால்
இது கவிதையல்ல, விளம்பரம்.

சுபோதினி ஒன்றும் கதைக்கவில்லை.
என் ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்தாள்,
பல்கனியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள்.
வெளியே இருபது பாகை, சுழியத்துக்குக் கீழே.
காலையில் அது விறைத்துக்
கைகளை விரித்து
என்னைவிட நிமிர்ந்து நின்றது.
தோளில் புதுச் சதுரம் ஒட்டினேன்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவா என்றேன்.
ஏன், இருபத்து நாலுக்கு என்ன வருத்தம் என்றாள்.

பங்குனியில் மூக்கு திரும்பி வந்தது.
பன்னிரண்டு வருடம் வீடுகளைச் சுமந்தேன்,
ஒன்றின் மணமும் அறியேன்.
இப்போது மெத்தையைத் தூக்கினால்
பிள்ளை பிறந்த வீடு தெரிகிறது.
அலமாரிக்குள் பூனை,
பாச்சை உருண்டை,
எவரோ விட்டுப்போன சவரச் சவர்க்காரம்.
பிரிந்து போகிறவர்கள் வீட்டில்
இரண்டு தலையணைக்கும் இரண்டு மணம்.
சில நாள் இது தெரியாமலே
இருந்திருக்கலாம் போலிருக்கும்.

இருமல் முழுதாய்ப் போகவில்லை.
இரவில் வந்து
பழைய வாடகைக்காரன்போல் கதவைத் தட்டும்.

இந்த யூலை முதலாம் தேதி
வேறொரு தெரு, வேறொரு பிரிட்ஜ்.
பதினோராம் படி வந்தது, போனது.
பதினேழில் பொறு என்று குரல் கேட்டது.
என்னுடையது என்று நினைத்தேன்.
மேலே வில்னெர்
கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தான்.

பொறுத்தேன்.
முழுப் பாரமும் என் தோளில்.
கதவின் இடுக்கு வழியே
யாரோ எடுக்க மறந்த
பாதி வெங்காயம் மணத்தது.